சக்கரக் கப்பலும் சீனி ஜஹாஸும்

பாராடாங்
7 ஜனவரி 2024

அன்புத் தம்பி முபாரக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வீட்டுக்காரி ஜஸீலாவும் அல்லாஹ் கிருபையில் நன்றாக இருப்பீர்கள். எனக்கு முழங்காலைத் தவிர ஒரு குறையும் இல்லை, அதுவும் கடல்காற்று அடிக்கிற அன்றைக்குத்தான்.

போன் இருக்கும்போது லாத்தா எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? இந்தத் தீவில் டவர் ஒரு நாள் கிடைத்தால் நான்கு நாள் கிடைக்காது. கிடைக்கிற அன்றைக்கு நீ பாதிப் பேச்சில் டொக்கென்று வைத்துவிடுகிறாய். நேற்றும் வைத்தாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது பார். கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். பஸ் ஓட்டும் திருநாவுக்கரசு இதைத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து உன் கடையில் தருவார். பதிலையும் அவரிடமே கொடுத்து அனுப்பு.

மாடியில் எனக்கென்று ஓர் அறை கட்டி டைல்ஸும் போட்டுவிட்டாய். நோன்புக்கு முன்னால் டீக்கடையை மூடிவிட்டு ஷாதிபூருக்கே வந்துவிடு என்கிறாய். இங்கே பாலம் கட்டி முடித்தால் ஃபெரி நின்றுவிடும், ஃபெரி நின்றால் ஜெட்டியில் யார் டீ குடிப்பார்கள் என்கிறாய். எல்லாம் நியாயம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றுதானே சொன்னேன், அதற்கா இவ்வளவு கோபம்?

இன்னொரு சங்கதி. கடைக்குப் புதுப் போர்டு எழுதப் போகிறாயாமே, 'சர்க்கரைக் கப்பல் ஸ்டோர்ஸ்' என்று. கொஞ்சம் பொறு. நாகூரில் நம் வீட்டுக்கு 'சக்கரக் கப்பல் வீடு' என்று பேர். பர்மாவில் நம் பாட்டனார் மீராசா சர்க்கரை ஏற்றும் கப்பலுக்குச் சாரங்காக இருந்தார், அதனால் அந்தப் பேர் என்று வாப்பா சொல்வார் அல்லவா? அதை இங்கே ஃபெரி ஓட்டும் சாரங்கு ஜெய்னுதீனிடம் சொன்னேன். மனுஷன் டீ புரையேறும்படி சிரித்தார். "அரே, அது சக்கரை இல்லம்மா, சக்கரம்! ரெண்டு பக்கமும் சக்கரம் வச்ச ஸ்டீமர். பர்மா ஆத்துல அதுதான் ஓடுச்சு" என்கிறார். நம் வாயில் இரண்டும் ஒன்றாகத்தானே வருகிறது தம்பி! போர்டு எழுதுமுன் விசாரித்துக்கொள்.

துஆவுடன்,
உன் லாத்தா கரீமா


ஷாதிபூர்
13 ஜனவரி 2024

மதிப்புக்குரிய லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே இருவரும் சுகம். முழங்காலுக்கு ஜஸீலா ஒரு தைலம் தந்திருக்கிறாள், இரவில் சூடு பண்ணித் தடவவும்.

நான் போனை வைக்கவில்லை. அதுவாகக் கட்டாகிவிட்டது.

சக்கரமாம், சக்கரம்! கப்பலுக்கு எதற்கு லாத்தா சக்கரம்? அது என்ன ரோட்டிலா ஓடுகிறது? நாகூரில் கந்தூரிக்குக் கந்தூரி நம் வீட்டு வாசலில் ஊருக்கே சர்க்கரை கொடுப்போமே, எதற்காக? சர்க்கரைக் கப்பல் வீடு என்பதால்தான். சக்கரக் கப்பல் என்றால் வாசலில் வண்டிச் சக்கரமா கொடுத்திருப்போம்? உங்கள் சாரங்கிடம் இதைச் சொல்லுங்கள். மூன்று தலைமுறைப் பேரை ஒரு டம்ளர் டீயில் கரைக்க வந்துவிட்டார். போர்டு எழுத ஆள் சொல்லிவிட்டேன்.

அறைக்கு நேற்று ஃபேன் மாட்டியாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். மச்சான் மவுத்தாகி ஒன்பது வருடமாக அந்த ஜெட்டியில் தனியாக நின்று அடுப்பூதுகிறீர்கள். பார்க்கிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். நோன்புக்கு முன் வந்துவிடுங்கள். யோசிக்க இதில் என்ன இருக்கிறது?

தம்பி,
முபாரக்


பாராடாங்
25 ஜனவரி 2024

தம்பிக்கு ஆயிரம் சலாம்.

ஜஸீலாவின் தைலம் வாடை தூக்கினாலும் வேலை செய்கிறது, அவளிடம் சொல். கடையில் நல்ல கூட்டம். சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகிற டூரிஸ்ட்டுகள் காலையிலேயே வந்து நிற்கிறார்கள்.

நீ கேட்டதை அப்படியே ஜெய்னுதீனிடம் கேட்டேன். கப்பலுக்கு எதற்குச் சக்கரம் என்று. அவ்வளவுதான், மனிதருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. என் பிஸ்கட் டின் மூடியை எடுத்தார், சுற்றிலும் ஐஸ் குச்சிகளைச் செருகினார், நடுவில் ஒரு கம்பியைக் கோத்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதைப் பாதி அமுக்கிச் சுற்றினார். தண்ணீர் பின்னால் போகிறது, தொட்டி நகராததால் என் புடவை நனைகிறது. "பாத்தீங்களா, இதுதான் சக்கரம். துடுப்புக்குப் பதிலா இது. அடியில நீராவி இஞ்சின், மேல ரெண்டு மாடி. எங்க பாட்டன் இதுல ரங்கூன்லேர்ந்து மண்டலை வரைக்கும் போயிருக்கார். மண்டலையிலேர்ந்து சீனா வரைக்கும் அப்படியே போகலாம்!" கடையில் இருந்த பெங்காலிக்காரர் ஒருவர், சீனாவுக்கு ஆற்றில் எப்படிப் போவது என்று கேட்டார். "அது எங்க பாட்டனைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு ஃபெரிக்கு ஓடிவிட்டார். அளப்பதில் கெட்டிக்காரர். ஆனால் சக்கரம் நிஜம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாவம், சர்க்கரையைப் பற்றி இவ்வளவு பேசுகிற மனிதருக்குச் சர்க்கரை வியாதி. வெறும் வயிற்றிலேயே நூற்று எண்பதுக்குக் குறைவதில்லை. அவருக்கென்று தனியாக ஒரு கெட்டிலில் சர்க்கரை போடாத டீ வைக்கிறேன். வீட்டில் சமைக்க ஆளில்லை, மனைவி போய் ஆறு வருடம். கண்ட கண்ட பரோட்டாவைத் தின்றால் எப்படிக் குறையும்?

அறைக்கு ஃபேன் போட்டது சந்தோஷம். மீதியைப் பிறகு எழுதுகிறேன், ஃபெரி கரைக்கு வருகிறது.

லாத்தா


ஷாதிபூர்
3 பிப்ரவரி 2024

லாத்தாவுக்கு,

சலாம். நான் சுகமாக இல்லை. காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் கிடையாது, மானம் போய்விட்டது.

போர்டு எழுத பிஸ்வாஸ் என்றொரு பெயிண்டரை வைத்தேன். நல்ல கை. தமிழ் தெரியாது, எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுவார். பெயருக்குப் பக்கத்தில் படம் வேண்டும் என்று ஹிந்தியில் விளக்கினேன். "சீனி ஜஹாஸ் பனாவோ" என்றேன். சர்க்கரைக் கப்பலுக்கு வேறு எப்படிச் சொல்வது? அவரும் தலையாட்டினார். நான் சரக்கெடுக்கப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால், போர்டில் சிவப்புப் பாய் விரித்த ஒரு சீனாக்காரன் கப்பல்! முகப்பில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு டிராகன்! "யே க்யா ஹை?" என்று கத்தினேன். "ஆப் நே ஹி தோ போலா, சீனி ஜஹாஸ்" என்கிறார், நானேதான் சொன்னேனாம். ஹிந்தியில் சீனாக்காரனும் சீனிதானாம். இத்தனை வருடம் இந்த ஊரில் ஹிந்தி பேசியும் எனக்கு அது உறைக்கவில்லை.

இப்போது தெருவே சிரிக்கிறது. நேற்று இரண்டு டூரிஸ்ட் பையன்கள் உள்ளே வந்து ஹாஃப் பிளேட் சௌமீன் நூடுல்ஸ் கேட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் அன்பழகன் என்னை "சீனாக்காரரே" என்று கூப்பிடுகிறார். பாட்டனார் சங்கதியை முழுசாக விசாரித்து, சரியான கப்பலை வரைந்தால்தான் எனக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை லைப்ரரிக்குப் போகப் போகிறேன். உங்கள் சாரங்கு சொல்வது பொய் என்று புத்தகத்தோடு காட்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. அவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

முபாரக்


பாராடாங்
10 பிப்ரவரி 2024

சீனாக்காரருக்கு லாத்தாவின் சலாம்!

கோபிக்காதே. உன் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஜெட்டியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அந்த டிராகனை அழிக்கச் சொல்லிவிடாதே, நான் வந்து பார்க்க வேண்டும். வந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

நோன்புக்கு முன்னால் கடையை மூட முடியாது தம்பி. நோன்பு திறக்கிற நேரத்தில் ஃபெரி ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்ச வேறு யார் இருக்கிறார்கள்? பெருநாள் கழியட்டும்.

நீ காகிதத்தின் கடைசியில் ஏதோ கேட்டிருந்தாய். அந்த இடத்தில் டீ சிந்தி எழுத்து அழிந்துவிட்டது.

லைப்ரரியில் என்ன கிடைத்தது என்று எழுது. ஜஸீலாவுக்கு என் முத்தம்.

லாத்தா கரீமா


ஷாதிபூர்
4 மார்ச் 2024

லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ஜஸீலா சுகம். டீ சிந்தவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை லைப்ரரியில் உட்கார்ந்தேன். ஒப்புக்கொள்கிறேன், சக்கரக் கப்பல் என்று ஒன்று இருந்திருக்கிறது. ஒன்று என்ன, நூற்றுக்கணக்கில்! இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்த முதல் நீராவிக் கப்பலுக்கே சக்கரம்தானாம், 1825இல். கரி போதாமல் வழியில் பாய் விரித்தும் ஓடியிருக்கிறது. அதே சமயத்தில் வெள்ளைக்காரன் பர்மாவில் போருக்கு 'டயானா' என்றொரு சக்கரக் கப்பலைக் கொண்டுபோனான். பாயும் இல்லை, துடுப்பும் இல்லை, புகை விட்டுக்கொண்டு எதிர் நீரோட்டத்தில் ஏறி வருகிறது. பார்த்தவர்கள் வெலவெலத்துப் போயிருக்க மாட்டார்களா? பிறகு கடலில் ஓடும் கப்பல்களுக்கெல்லாம் பின்னால் தண்ணீருக்குள் சுழலும் விசிறி வந்துவிட்டது. ஆற்றில் மட்டும் சக்கரம் நிலைத்தது. ஏன் தெரியுமா? ஐராவதி ஆறு மழைக்கு மழை மணலை இடம் மாற்றும். விசிறி வைத்தால் அடியில் தட்டும். சக்கரமென்றால் ஓரத்தில் மேலாக அளைந்துகொண்டு போய்விடும், அடிப்பாகம் தட்டையாக இருக்கலாம். முன்னால் இரண்டு பேர் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துப் பாட்டு மாதிரி சத்தம் கொடுப்பார்களாம்.

பர்மாவுக்குள் ஜப்பான்காரன் வந்தபோது, அவன் கையில் கிடைக்கக் கூடாதென்று கப்பல்காரர்களே தங்கள் கப்பல்களை ஓட்டை போட்டு ஆற்றில் அமிழ்த்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். நம் பாட்டனார் கால்நடையாக ஊர் வந்து சேர்ந்ததும் அந்த வருடம்தானே.

ஆனால் ஒன்று. அந்தக் கப்பல்களில் சாரங்கு, சுக்கானி எல்லாம் பெரும்பாலும் சிட்டகாங் ஆட்களாம். நாகூர்க்காரர் சாரங்கா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சில கப்பல்களின் கீழ்த்தட்டில் கடைவீதியே இருந்திருக்கிறது. கப்பல் கரை சேர்ந்ததும் ஊர் சனம் ஏறி வந்து வாங்கிக்கொண்டு இறங்கும். "உங்க பாட்டன் கடையோட ஊர் ஊராப் போனாரு" என்று வாப்பா சொல்வார், நினைவிருக்கிறதா? தலையில் சுமந்து விற்றார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் சக்கரக் கப்பலில் சர்க்கரைக் கடை வைத்திருந்தார் என்கிறேன் நான். உங்கள் சாரங்கிடம் சொல்லுங்கள், அவரும் தோற்கவில்லை, நானும் தோற்கவில்லை.

இப்போது அந்த விஷயம். போன மாதம் திருநாவுக்கரசு உங்கள் காகிதத்தைக் கொடுக்கும்போது பேச்சுவாக்கில், "அக்காவுக்கென்ன, ஃபெரியைக் கட்டினதும் மொத டீ சாரங்குக்குத்தான். ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கிட்டா நல்லாயிருக்கும்னு ஜெட்டியே பேசுது" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். லாத்தா, உங்களுக்கு ஐம்பத்தொரு வயது. தம்பி என்று ஒருவன் அறை கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். இந்தப் பேச்சு பொய் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அது போதும்.

முபாரக்


பாராடாங்
14 ஏப்ரல் 2024

தம்பி முபாரக்குக்கு,

பெருநாள் வாழ்த்து. நோன்பெல்லாம் நலமாக முடிந்திருக்கும். எனக்கும் முடிந்தது.

நீ கேட்ட ஒரு வரியை நோன்பு முழுக்க எழுதிப் பார்த்தேன். பொய் என்று எழுத வரவில்லை. பொய் இல்லையே, எப்படி வரும்?

எனக்கு ஜெய்னுதீனைப் பிடித்திருக்கிறது. நிறையப் பேசுகிறார், பாதி அளப்பு. ஆனால் என் கடையில் உட்கார்ந்து அளக்கிறார், நான் சிரிக்கிறேன். ஒன்பது வருடம் டீ போட்டேன், சில்லறை எண்ணினேன், கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்தியபிறகு பேச ஆளில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. உன் அறையில் ஃபேன் இருக்கும், ஜன்னல் இருக்கும், ஜஸீலா தங்கம். அங்கே நான் உன் லாத்தா. இங்கே நான் கரீமா. இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

அவர் முறையாகக் கேட்டுவிட்டார். வாப்பா இல்லை. நிக்காஹுக்கு என் வலியாக, பொறுப்பாளனாக நின்று கைபிடித்துக் கொடுக்க வேண்டியவன் நீதான். நம் தமிழில் வலி என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. தம்பி, இப்போதைக்கு நீ எனக்கு இரண்டு அர்த்தத்திலும் வலிதான்.

பதில் எழுது.

கரீமா


ஷாதிபூர்
2 மே 2024

அன்பு மதினிக்கு ஜஸீலா எழுதுவது.

சலாம். உங்கள் முழங்கால் எப்படி? அவர் எழுத மாட்டேன் என்கிறார், அதனால் அவருக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன். உங்கள் காகிதம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சட்டை மாற்றினால் அதுவும் மாறுகிறது. துவைக்க எடுத்தேன் என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

"தம்பியால வச்சுக் காப்பாத்த முடியலைன்னு ஊர் சொல்லாதா?" என்று ராத்திரி கேட்டார். "ஊர் எந்த ஊரு? நாகூரா, ஷாதிபூரா?" என்று கேட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த அறையை அவரே தினமும் பெருக்குகிறார் மதினி, என்னை விடுவதில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வருவீர்கள் என்று மிகவும் நம்பியிருந்தார்.

நான் உங்கள் பக்கம்.

ஜஸீலா


பாராடாங்
13 மே 2024

முபாரக்,

நலமா? நான் நலம்.

நீ பேசாவிட்டாலும் இதைப் படிப்பாய். நேற்று ஒருவர் வந்து, வலி காரணமில்லாமல் மறுத்தால் மார்க்கத்தில் வேறு வழி இருக்கிறது, பெரியவர் ஒருவரை வைத்து முடித்துவிடலாம் என்றார். ஜெய்னுதீன் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். என் தம்பி உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் என்னை எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஆகவே இரண்டையும் தெரிந்துகொள். நான் அந்த அறைக்கு வரப்போவதில்லை. நீ இல்லாமல் நிக்காஹும் செய்யப்போவதில்லை. உன்னை மிரட்டவில்லை தம்பி. நீ என்ன சொன்னாலும் உன்னை வெறுக்க என்னால் முடியாது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

லாத்தா


ஷாதிபூர்
27 மே 2024

லாத்தாவுக்கு,

சலாம். இதை உட்கார்ந்து படியுங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

வியாழக்கிழமை நான் பாராடாங் வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. கடையை அன்பழகனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு காட்டுவழிக்கு வண்டிகளை வரிசையாக விடும் முதல் கன்வாயில் கிளம்பினேன். முகத்துக்கு மாஸ்க் போட்டேன், தொப்பியை இறக்கிவிட்டேன். ஃபெரியில் ஏறி நேராகச் சாரங்கு நிற்கும் இடத்துக்குக் கீழே போய் நின்றேன். ஆளைப் பார்த்து, குறை கண்டுபிடித்து, ஒரேயடியாக முடியாது என்று எழுதத்தான் வந்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

"பாலம் வந்தா உங்க பொழப்பு என்ன ஆகும் சாரங்கே?" என்று கேட்டேன்.

"அரே பாய், வரட்டும்! ஜெட்டியில ஒரு டீக்கடை இருக்கு. அதைத் தூக்கி ரோட்டோரம் வச்சிருவோம். அந்தம்மா டீ போடட்டும், நான் தண்ணி தூக்கறேன். இத்தனை வருஷம் தண்ணி நம்மளைச் சுமந்துச்சு, கொஞ்ச நாள் நாம தண்ணியைச் சுமந்தா என்ன?"

"அந்தம்மா சம்மதிச்சாங்களா?"

"அவங்க சம்மதிச்சிட்டாங்க. தம்பி ஒருத்தர் இருக்கார். அவர் மனசு குளிரணும். அதுவரைக்கும் ஓட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"தம்பி முடியாதுன்னா?"

அவர் சுக்கானைத் திருப்பினார். "அப்பவும் டீ குடிக்கப் போவேன். அதைத் தடுக்க மாட்டாருன்னு நினைக்கிறேன்" என்றார். அளக்கிற மனிதர் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைச் சொல்லும்போது அவர் அளக்கவில்லை.

ஃபெரி கரை சேர்ந்தது. நான் இறங்கப் போனேன். மேலேயிருந்து குரல் வந்தது: "பாத்து எறங்குங்க மச்சான், பலகை வழுக்கும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு மச்சான்?" என்றேன். "பாலத்தைப் பத்தி இவ்வளவு கோவமா வேற யாரு கேப்பாங்க? மாஸ்க் போட்டா மட்டும் போதுமா, கண்ணு அப்படியே அவங்க கண்ணு" என்று சிரிக்கிறார். கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. மாஸ்க்குக்குள் சிரித்துவிட்டேன்.

ஜெட்டியில் நின்று உங்கள் கடையைப் பார்த்தேன். ஒரு போட்காரனைத் திட்டிக்கொண்டே டீயை ஆற்றினீர்கள், அவன் என்னவோ சொன்னான், நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள். லாத்தா, ஒன்பது வருடமாக நீங்கள் ஷாதிபூர் வரும்போதெல்லாம் புன்னகைதான் செய்வீர்கள். இந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் பார்க்கவே இல்லை. அடுத்த ஃபெரியிலேயே திரும்பிவிட்டேன். கிட்டே வந்திருந்தால் அழுதிருப்பேன்.

பக்ரீத் கழிந்து ஜூன் முப்பது, ஞாயிறு. நிக்காஹை நம் வீட்டில் வைப்போம். பிரியாணிக்குச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு மட்டும் இனிப்பு கிடையாது.

முபாரக்


பாராடாங்
7 ஜூலை 2024

என் கண்ணான தம்பிக்கும் ஜஸீலாவுக்கும்,

சலாம். நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். மழை கொட்டுகிறது, கடைக்குள் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். சொன்னபடி தண்ணீர் தூக்குகிறார், வழியெல்லாம் பாதியைச் சிந்துகிறார்.

எவ்வளவு பேரைக் கூப்பிட்டிருந்தாய் முபாரக்! ஊர் என்ன சொல்லும் என்று பயந்தவன், ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டாய். பிஸ்வாஸ் பாபு புதுப் போர்டைக் காட்டினார். அந்தச் சக்கரக் கப்பல் எவ்வளவு அழகு! கீழ்த்தட்டில் சின்னதாக ஒரு கடை, கடையில் தாடி வைத்த ஒரு மனிதர். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அங்கேயே கேட்டிருப்பேன், கூட்டத்தில் முடியவில்லை. திரைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு இமாம் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாய். "என் சகோதரி கரீமாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து" என்றாய். அதோடு நின்றுவிட்டாய். இமாம் மறுபடி சொல்லிக்கொடுத்தார். நீ பேசவில்லை. கடைசி நிமிடத்தில் மனம் மாறிவிட்டாயோ என்று ஜஸீலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு திடீரென்று தெருவுக்கே கேட்கிற மாதிரி "தந்தேன்" என்று கத்தினாய். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

எதற்கடா நின்றாய்?

உன் லாத்தா


ஷாதிபூர்
12 ஜூலை 2024

அன்பு லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கேயும் மழை. நாங்கள் சுகம். மச்சானிடம் தண்ணீரைச் சின்னக் குடத்தில் தூக்கச் சொல்லுங்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மனம் மாறவில்லை லாத்தா. அல்லாஹ் மேல் ஆணை. முதல் நாள் இரவு முழுக்க அந்த வாசகத்தை ஜஸீலாவிடம் சொல்லிப் பார்த்தேன், ஒரு தடங்கலும் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போதுதான் அந்தச் சொல் எனக்குக் காதில் விழுந்தது. தந்தேன்.

உம்மா மவுத்தாகும்போது எனக்கு ஏழு வயது. நீங்களே அப்போது சின்னப் பெண். மழைக்காலத்தில் என் பள்ளிக்கூடச் சட்டையை அடுப்பருகே பிடித்துக் காயவைத்து, சூடு ஆறுமுன் எனக்கு மாட்டிவிடுவீர்கள். காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வீர்கள். எனக்குப் பெண் பார்த்ததும், ஜஸீலா வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்ததும் நீங்கள்தான். "என் பிள்ளையை உங்ககிட்ட தர்றேன், பாத்துக்கங்க" என்று அவளுடைய உம்மாவிடம் சொன்னீர்கள். தம்பியை என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வாய் அங்கேதான் நின்றது லாத்தா. என்னைத் தந்தவர் நீங்கள். உங்களைத் தர நான் யார்? அத்தனை பேருக்கு நடுவில் அதை யாரிடம் கேட்பது? இமாம் திரும்பத் திரும்பச் சொல்கிறார், மச்சான் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார், எனக்கு ஈரச் சட்டை வாசனை வருகிறது.

பிறகு, இதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்குச் சொல்ல இந்த உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை என்று தோன்றியது. அதனால்தான் அவ்வளவு சத்தமாக வந்துவிட்டது.

நீங்கள் வளர்த்த,
முபாரக்